அப்பாவின் தூண்டில் சீட்டை நான் ஏன் பறித்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்கு என்ன என்பதைத்தான் கீழே பக்கம் பக்கமாக எழுதப் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, அவருடைய முதுகுவலி தேவலையா, நல்ல நாற்காலி ஒன்று வாங்கினாரா, இல்லை இன்னமும் கட்டில் மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கூன் போட்டுத்தான் வேலை பார்க்கிறாரா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, ஒரே ஒரு மீனும்மா, அதுக்குப் போய் அப்பாவை நாலு பேர் முன்னாடி நிக்க வெக்கணுமா, கொஞ்சம் விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிடுவே என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை, பொங்கினது நான்தான். போனில் என்றால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், பக்கத்து அறையில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் கோபம் வந்தாலும் நடுவில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி. இதை ஏரிக்கரைச் சீட்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஜன்னலில் ஆள் வந்து நிற்கும்போதெல்லாம் எழுத்து கோணிக்கொள்ளும், பொறுத்துக்கொள்.

வீட்டுச் சமாச்சாரம் என்றால், சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறாள், அந்தத் தடியாலேயே எல்லாரையும் வேலை ஏவுகிறாள். நம் சமையலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து பத்து மாடி பன்னிரண்டு மாடி என்று ஜனங்களை ஏற்றி இறக்கிய உங்கப்பா ஒரு குழாய்க்கு வாஷர் மாற்ற மாட்டேன் என்கிறார். ஏனென்றால் குழாயை மாற்ற வேண்டும் என்று சொன்னது நான். என்னோடு பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பூனையைப் பார்த்துச் சொல்கிறார். இன்னிக்கு உப்பு ஜாஸ்தின்னு சொல்லிடு என்கிறார் பூனையிடம். நானும் விடுவேனா, வேணும்னா அவரையே சமைச்சுக்கச் சொல்லு என்று பூனையிடமே சொல்லி அனுப்புகிறேன். அந்த ஜீவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறது. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து இது தேவையா எனக்கு?

நீ ஊரை விட்டுப் போன பிறகுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன், அதனால் இதில் இருக்கிற தலைவலி உனக்குத் தெரியாது. ஏரியில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களின் சங்கம் என்னை வேலைக்கு வைத்திருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மீனைக் கிடத்தி அளக்க சென்டிமீட்டர் கோடு போட்ட பலகை ஒன்று, கால் ஆடுகிற நாற்காலி ஒன்று, இதுதான் என் ராஜ்ஜியம். காலையில் தூண்டில் போட அனுமதிச் சீட்டுக் கொடுப்பேன், சாயங்காலம் பையைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். கெண்டை மீன் முப்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் திருப்பி விட வேண்டும், ஐம்பத்தைந்துக்கு மேலே இருந்தாலும் திருப்பி விட வேண்டும், நடுவில் இருப்பதில் ஆளுக்கு இரண்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். சின்னதை விடுன்னா சரி, பெரிசை ஏன்க்கா விடணும், அதுக்காகத்தானே நாள் பூரா உக்காந்திருக்கோம் என்று ஏழு வருஷமாக ஏழாயிரம் தடவை கேட்டுவிட்டார்கள். நானும் ஏழாயிரம் தடவை சொல்லிவிட்டேன். இளசான மீன் கொஞ்சம்தான் முட்டையிடும். பெரிய பெண் மீன் ஒன்று அந்த மாதிரி இருபது மீன் இடுவதை ஒரே தடவையில் இடும். அதைத் தூக்கிக்கொண்டு போனால் விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதைதான். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்வார்கள்.

அதைவிடக் கொடுமை சாயங்காலச் சீட்டு. எத்தனை பிடித்தாய் எத்தனை விட்டாய் என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும், ஏரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல முடியும். நூறு பேருக்குக் கொடுத்தால் முப்பது சீட்டுத் திரும்பி வந்தால் பெரிய விஷயம். அந்த முப்பதும் சத்தியவாக்கு என்று நினைக்காதே. ஒருவர் இருக்கிறார், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஏழு வருஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றே எழுதுகிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெறுங்கை. ஒரு நாள் அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் பைக்கு வெளியே ஒரு வால் துடித்தது. என்ன இது என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அட, இது எப்ப வந்துச்சு என்றார்! இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு நான் கணக்கெடுப்பு நடத்துகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை மீன்வளக் கல்லூரியிலிருந்து ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி வருவாள். நான்கு இடத்தில் வலை போட்டு, எண்ணி, அளந்து, திருப்பி விட்டுவிடுவாள். நான் வேலைக்கு வந்த வருஷம் ஐம்பத்தைந்துக்கு மேலே நாற்பத்தொரு மீன் வலையில் விழுந்தது. இந்த வருஷம் ஒன்பது. ஒன்பதுதான்டி. அந்தத் தாளைக் கொண்டு போய்ச் சங்கத் தலைவரிடம் காட்டினேன். அவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கிறவர்களோடேயே பழகிப் பழகி, எதிரே இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்பதே அந்த மனுஷருக்கு மறந்துவிட்டது. கவலைப்படாதீங்கக்கா, ரெண்டு லாரி மீன் வாங்கி விட்டாப் போச்சு என்றார். எங்கிருந்தோ வருகிற மீன் நோயையும் கூட்டிக்கொண்டு வரும், தொட்டியில் தீனி தின்று வளர்ந்தது நம் ஏரியில் தாக்குப் பிடிக்குமா என்றும் தெரியாது, இருக்கிறதைக் காப்பாற்றாமல் புதிதாக விடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ரொப்புகிற வேலை என்றேன். நல்லா பேசறீங்க, அடுத்த ஆண்டு மலர்ல எழுதுங்க என்றார். என்ன செய்வது, சுவரில் முட்டிக்கொண்டால் நெற்றிதான் புடைக்கும்.

அதனால்தான் போன வருஷம் சண்டை போட்டு ஒரு விதியைக் கொண்டு வந்தேன். ஐம்பத்தைந்துக்கு மேலே இருக்கும் மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி விட வேண்டும், படம் எடுக்க ஆசையாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தூக்கு, தூக்கும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது மீனுக்கும் முட்டும், உடனே தண்ணீரில் விடு. கையில் வைத்து மீனைச் சாகடித்தால் ஒரு வருஷம் சீட்டுக் கிடையாது. இதை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சீட்டு அறை வாசலில் மாட்டினேன். ஆணி அடித்தது யார் தெரியுமா? உங்கப்பாதான். கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்கு என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். வெறுங்கை மூச்சு வாங்க ஓடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அக்கா, கோரைப் புல் மூலையில உங்க வீட்டுக்காரர் பெரிய மீனைக் கையில வெச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறார், எவ்வளவு நேரமா நிக்கறார்னு போய்ப் பாருங்க என்றார். ஏழு வருஷத்தில் அந்த மனுஷர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. நான் விதிமீறல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். உங்கப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, மீனின் வாலைப் பிடித்து முன்னும் பின்னுமாகத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார், செவுளுக்குள் தண்ணீர் போனால் பிழைக்கும் என்று. கையை விட்டால் அது மல்லாந்து வயிற்றைக் காட்டியது. மறுபடி நிமிர்த்துவார், மறுபடி மல்லாரும். கால் மணி நேரம் அப்படியே செய்தார். போதும் என்று நான் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பலகையில் கிடத்தி அளந்தேன், எழுபத்தொன்று. செதில் ஒன்றைப் பெயர்த்து ஆய்வுக்காரப் பெண்ணுக்கு அனுப்பினேன், அதிலிருக்கும் வளையங்களை எண்ணி வயது சொல்வாள். பத்தொன்பது வயது என்றாள். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து இந்தத் தண்ணீரில் இருந்த மீன். வயிறு நிறைய முட்டை, லட்சக்கணக்கில். ஒன்பது இப்போது எட்டு. அங்கேயே கரையில் நின்று பதிவேட்டைத் திறந்து பெயர், உறுப்பினர் எண், தேதி, நீளம் எல்லாம் எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் படம் எடுக்கும் ஆசை என்று எழுதினேன். கூட்டாளிகளுக்குக் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தானே இத்தனை நேரம் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம். கையெழுத்துப் போடுங்க என்று நீட்டினேன். ஈரக் கையோடு போட்டார். அந்தத் தாளில் மை பரவி இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? பாதிப் பேர் என்னை ராட்சசி என்றார்கள், மீதிப் பேர் புருஷனுக்கே போட்டவ நமக்குப் போட மாட்டாளா என்று என் ஜன்னல் பக்கம் வரும்போதே பையைத் திறந்து காட்டினார்கள். நீயும் கூப்பிட்டாய். நேற்றுச் சாயங்காலம் நடக்க இருந்த சங்கக் கூட்டத்தில் இந்தத் தடையை ரத்து செய்யக் கேட்டு மனு வருகிறது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். உங்கப்பாதான் மனுப் போட்டிருக்கிறார் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டு ஓய்ந்த பிறகு அவருக்கு இந்த ஏரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, அது எனக்குத் தெரியாதா? சீட்டுப் போனால் ஒரு வருஷம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்றா நினைக்கிறாய்?

படகுக் கொட்டகைக்கு மேலே இருக்கும் அறையில்தான் கூட்டம். மடக்கு நாற்காலி, முப்பது பேருக்கு மேல், மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது காற்று வரவில்லை. டாக்டர் எழுந்து, அண்ணன் நம்ம மூத்த உறுப்பினர், கை தவறிடுச்சு, அக்கா மனசு வெச்சா இந்த ஒரு தடவை போகட்டும், போகட்டும்ங்கறவங்க கை தூக்குங்க என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனை கையும் மேலே. உங்கப்பா மேல் இருக்கிற பாசத்தில் தூக்கினார்கள் என்று நினைக்கிறாயா? ஒவ்வொருவர் போனிலும் பெரிய மீனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு எடுத்த படம் பத்து இருக்கிறது. காவலாளி வீட்டுக்காரருக்கே ரத்து என்றால் நாளைக்கு யாரை நான் என்ன கேட்க முடியும்? மாமியார் உடைத்தால் மண்குடம் மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று என்னைத்தானே சொல்வார்கள். நான் எழுந்து, இவரை விடறதுன்னா பதிவேட்டுல இருக்கற மத்த பதினாலு பேரையும் விடுங்க, அப்புறம் அந்த அட்டையையும் கழட்டிடுங்க, என் வேலையும் மிச்சம் என்று சொல்லிச் சீட்டு அறைச் சாவியை மேஜை மேல் வைத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து உங்கப்பா எழுந்தார். மன்னிப்பு யாரு கேட்டது, நான் கேக்கலியே என்றார். மனுப் போட்டது டாக்டராம், இவருக்கே தெரியாதாம். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. தண்ணிக்குள்ள வெச்சே கொக்கியைக் கழட்டிட்டேன், விடத்தான் இருந்தேன், எம்பொண்ணு சின்னப் பிள்ளையா இருக்கும்போது இதே மூலையில ஒரு பெரிய மீன் என் நூலை அறுத்துக்கிட்டுப் போச்சு, முகத்தையே பாக்கலியேன்னு அன்னிக்குப் பூரா அழுதா, இதைக் காட்டலாம்னு ஒரு கையில மீனைத் தூக்கிக்கிட்டு வீடியோல கூப்பிட்டேன், எடுக்கல, இப்ப எடுப்பா இப்ப எடுப்பான்னு திருப்பித் திருப்பி நாலு தடவை கூப்பிட்டேன், நாலாவது தடவை மணி அடிச்சு ஓயறப்ப கையில இருந்தது அசையல, அக்கா எழுதி மாட்டினது எனக்குத் தெரியும், ஆணி அடிச்சவனே நான், ஆனா நான் என் மூச்சையும் பாக்கல மீன் மூச்சையும் பாக்கல, மணி அடிக்கறதையே கேட்டுக்கிட்டு நின்னுட்டேன், ஒரு வருஷம் சரியான தண்டனைதான், கையைக் கீழ போடுங்க. இவ்வளவுதான். கூட்டத்தில் என்னை அக்கா என்றுதான் சொன்னார், அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. முதலில் கையை இறக்கியது வெறுங்கை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கையும் இறங்கிவிட்டது. உங்கப்பா முன்னால் வந்து சட்டைப் பையிலிருந்து தன் உறுப்பினர் சீட்டை எடுத்து வைத்தார், என் சாவியை எடுத்து என்னிடம் நீட்டி, எடுத்துக்கோ, வீட்டுக்குப் போலாம் என்றார். மூன்று வாரத்தில் பூனை இல்லாமல் என்னோடு பேசின முதல் பேச்சு.

வழியில் நான் சும்மா வரவில்லை. இதை அன்னிக்கே என்கிட்ட சொன்னா என்ன, நாக்குல கொக்கியா மாட்டியிருந்துச்சு என்று கேட்டேன். நீ எங்க கேட்டே, வந்ததும் பதிவேட்டைத்தானே தொறந்தே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுதித்தான் இருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எட்டு மீனை வைத்துக்கொண்டு இரக்கம் பார்க்க முடியாது. ஆனால் கேட்டிருக்கலாம். காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதினது தப்பு. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று விதி போட்டதும் நான்தான், அதனால் அது அப்படியேதான் இருக்கும். அதை நினைத்து நினைத்து இன்று காலை இரண்டு பேருக்குத் தேதியைத் தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நீ இதைப் படித்துவிட்டு என்னால்தான் என்று உட்கார்ந்து அழாதே. உனக்கு அங்கே அப்போது என்ன நேரமோ, தூங்கியிருப்பாய், இல்லை வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பாய். மீன் செத்தது உன்னால் இல்லை. மறுநாள் நீ கூப்பிட்டு என்னப்பா நாலு தடவை அடிச்சிருக்கீங்க என்று கேட்டாயே, சும்மாதாம்மா, கை தவறி அழுத்திட்டேன் என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. அப்பாவுக்காக என்னிடம் சிபாரிசு பண்ணுகிற வேலையை மட்டும் இத்தோடு விட்டுவிடு, தடை தடைதான், ஒரு நாள் குறையாது. உனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு உங்கப்பா உன்னைத் தானாக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, நீ கவனித்தாயா? நீ கூப்பிட்டால் பேசுகிறார், அவராகக் கூப்பிடுவதில்லை. இன்று காலை நான் கிளம்பும்போது ரீலைப் பிரித்துப் பழைய பேப்பர் மேல் பரப்பி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், போன் பக்கத்திலேயே இருந்தது. பொண்ணுக்குப் போன் போடறதுதானே என்றேன். அவளுக்கு வேலை இருக்கும், எதுக்குத் தொந்தரவு என்றார். சீட்டை நான் பறித்தேன், ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதை நான் பறிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் என்னால் முடியாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல், நாற்காலி வாங்கச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு, நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. சும்மா கூப்பிடு, என்னம்மா விசேஷம் என்று பதறுவார், விசேஷம் ஒன்றும் இல்லை என்று சொல், குழாய் ஏன் இன்னும் சொட்டுகிறது என்று கேள், நீ கேட்டால் மாற்றிவிடுவார். இங்கே ஜன்னலில் நான்கு பேர் நிற்கிறார்கள், முடிக்கிறேன். போனை மறந்துவிடாதே.

மாறாத அன்புடன்,
பதிவேட்டையும் உங்கப்பாவையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரியாத
உன் அம்மா